சப்பை மூக்கு அழகுதான். மூச்சுக்கு யார் பொறுப்பு?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பக் அல்லது பிரெஞ்சு புல்டாக் நாய் இருந்தால், அடுத்த முறை அது படுத்திருக்கும்போது அருகில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேளுங்கள். 'கர்... கர்...' என்று ஒரு சத்தம் வரும். தூங்கும்போது மட்டுமல்ல, விழித்திருக்கும்போதும் வரும். பலர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். "எங்கள் தாத்தா மாதிரியே குறட்டை விடுகிறான் பாருங்கள்" என்று சிரிக்கிறார்கள்.

ஆறு வயதுக் குழந்தை ஒன்று இரவும் பகலும் இப்படி மூச்சு விட்டால் நாம் சிரிப்போமா? மறுநாள் காலையிலேயே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். நாய் என்று வந்தால் மட்டும் அந்தச் சத்தம் 'அந்த ரகத்தின் குணம்' ஆகிவிடுகிறது.

லண்டனில் உள்ள அரச கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். மூச்சுத்தடையின் அறிகுறிகள் தெளிவாகத் தெரிந்த நாய்களின் உரிமையாளர்களிடம், 'உங்கள் நாய்க்கு மூச்சு விடுவதில் ஏதாவது சிக்கல் உண்டா?' என்று கேட்டார்கள். 58 விழுக்காட்டினர் 'இல்லை' என்றார்கள். 2012-ஆம் ஆண்டு வெளியான முடிவு இது. அவர்கள் பொய் சொல்லவில்லை. நாயை வெறுப்பவர்களும் அல்லர். தங்கள் நாய் அப்படித்தான் மூச்சு விடும் என்று நம்பியிருந்தார்கள், அவ்வளவுதான்.

பினாங்கில் நாய் வளர்ப்போர் பலரும் இன்று 'சுத்த ரகம்' என்ற சொல்லுக்கு ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். அந்தச் சொல்லுக்குள் என்ன அறிவியல் இருக்கிறது, அதற்கு நாயின் உடல் என்ன விலை கொடுக்கிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

வேலைக்காரன் அழகுப் பொருளான கதை

மனிதனும் நாயும் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் நாயின் அழகைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஆடு மேய்க்கத் தெரிந்த நாய்க்கு மேய்க்கத் தெரிந்த துணை. வேகமாக ஓடும் நாய்க்கு வேகமாக ஓடும் துணை. ஓட முடியாத வேட்டை நாயை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். எனவே வேலையே நாயின் உடல்நலத்துக்குக் காவலாக இருந்தது.

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இது மாறியது. 1859-ல் நியூகாசில் நகரில் முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873-ல் கென்னல் கிளப் என்ற சங்கம் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு ரகத்துக்கும் 'இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று எழுத்தில் ஓர் அளவுகோல் வந்தது: காது இப்படி, வால் அப்படி, நிறம் இன்னது. நடுவர் அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பரிசு கொடுத்தார். ஆங்கிலேயர் போன இடமெல்லாம் இந்த வழக்கமும் போனது. நம் நாட்டில் மலாயா கென்னல் சங்கம் 1925-லேயே உருவாகிவிட்டது. அதுதான் இன்றைய மலேசிய கென்னல் சங்கம்.

போட்டி என்று வந்தால் மிகைப்படுத்துவதும் வரும். கொஞ்சம் சப்பை மூக்குள்ள நாய்க்குப் போன ஆண்டு பரிசு கிடைத்தால், இந்த ஆண்டு அதைவிடச் சப்பையான நாய் மேடைக்கு வரும். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பக் நாயின் படத்தையும் இன்றைய பக் நாயின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழைய நாய்க்கு முகத்தில் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருப்பது தெரியும்.

புது நீர் வராத குளம்

சுத்த ரகம் என்பதன் விதி எளிது. தாயும் தந்தையும் ஏற்கனவே அந்த ரகத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வேறு இரத்தம் கலக்கக் கூடாது. சுருங்கச் சொன்னால், ஓடை அடைக்கப்பட்ட குளம். புது நீர் வராது.

அதற்குள்ளும் எல்லா நாய்களுக்கும் குட்டி போட வாய்ப்புக் கிடைப்பதில்லை. பரிசு வாங்கிய ஓர் ஆண் நாயிடம் எல்லோரும் தங்கள் பெண் நாயைக் கொண்டுவருவார்கள். அந்த ஒரு நாய்க்கு நூற்றுக்கணக்கில் குட்டிகள் பிறக்கும். சில ஆண்டுகளில் அந்தக் குட்டிகளுக்குள்ளேயே இணை தேட வேண்டிய நிலை வரும். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. பிரிட்டனில் ஏறத்தாழ 10,000 பக் நாய்கள் இருந்தாலும், மரபு வேறுபாட்டைப் பொறுத்தவரை அவை சுமார் 50 தனி நாய்களுக்குத்தான் சமம்.

இதில் என்ன தவறு? நான்காம் படிவ அறிவியலில் மரபியல் பாடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தாயிடமிருந்து, மற்றொன்று தந்தையிடமிருந்து. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றது நன்றாக இருந்தால் பெரும்பாலும் சிக்கல் வராது. பழுது மறைந்தே இருக்கும். ஆனால் தாயும் தந்தையும் நெருங்கிய உறவு என்றால், ஒரே மூதாதையின் பழுதான பிரதி இருவரிடமும் இருக்கக்கூடும். அப்போது குட்டிக்கு இரண்டுமே பழுதாகக் கிடைக்கலாம். மறைந்திருந்த நோய் வெளியே வரும்.

இதை நம் குடும்பங்களில் வைத்துப் புரிந்துகொள்வது எளிது. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால், பிறக்கும் குழந்தைக்கு ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 6.25 விழுக்காடு. தாய்மாமனையே மணந்தால் 12.5 விழுக்காடு. உடன்பிறந்த அண்ணன் தங்கைக்குள் என்றால் 25 விழுக்காடு. மனித சமுதாயங்கள் பொதுவாக விலக்கி வைத்த எல்லை அது. இப்போது நாய்களுக்கு வருவோம். அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக (டேவிஸ்) ஆய்வாளர்கள் 227 ரகங்களின் மரபணுவை ஆராய்ந்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 25 விழுக்காடு. வம்சாவளிச் சான்றிதழில் தாத்தா, பாட்டி பெயர்கள் வேறு வேறாக இருக்கலாம். மரபணு அளவில் பல சுத்த ரக நாய்கள், அண்ணனும் தங்கையும் சேர்ந்து பெற்ற குட்டிக்குச் சமம்.

பினாங்கு வெயிலில் சப்பை மூக்கு

மரபணுக் குறை கண்ணுக்குத் தெரியாது. முகத்தின் வடிவம் தெரியும். பக், பிரெஞ்சு புல்டாக், இங்கிலீஷ் புல்டாக், ஷிட்சூ, பெக்கினீஸ் எல்லாம் சப்பை முக ரகங்கள். மனிதக் குழந்தையைப் போன்ற வட்ட முகம், பெரிய கண்கள், சின்ன மூக்கு. பார்த்ததும் தூக்கிக் கொஞ்சத் தோன்றுகிறது. அந்தக் கவர்ச்சிதான் அவற்றின் விலை.

பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்ததில் மண்டை எலும்பு குட்டையாகிவிட்டது. ஆனால் அதற்குள் இருக்கும் சதை அதே அளவில் குறையவில்லை. பெரிய மெத்தையைச் சின்ன அறைக்குள் திணித்ததுபோல, மேலண்ணத்தின் பின்பகுதி நீண்டு தொண்டை வழியை அடைக்கிறது. மூக்குத் துவாரம் கீறல்போல் சுருங்கியிருக்கிறது. நாம் கேட்கும் அந்தக் 'கர்... கர்...' சத்தம், அடைபட்ட வழியில் காற்று சதையை உரசிக்கொண்டு போகும் சத்தம். எப்போதும் ஒரு ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவதாகக் கற்பனை செய்து பாருங்கள். அதோடு மாடிப்படியும் ஏறிப் பாருங்கள்.

குளிர்நாட்டிலேயே இது சிக்கல். நம் ஊரில் இரட்டிப்புச் சிக்கல். மனிதனுக்கு உடல் முழுவதும் வியர்க்கும். நாய்க்குப் பாதங்களில்தான் சிறிதளவு வியர்வை. அது உடல் சூட்டைத் தணிக்கும் முக்கிய வழி, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பது. வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூடு வெளியேறுகிறது. ஜார்ஜ்டவுனில் பகல் வெப்பம் வழக்கமாக 31, 32 பாகை செல்சியஸ். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். துணியே சீக்கிரம் காயாத காற்றில் நாயின் நாக்கு மட்டும் எப்படிக் காயும்? நீண்ட மூக்குள்ள நாய் வேகமாக மூச்சிரைத்துச் சமாளிக்கிறது. சப்பை முக நாய் வேகமாக மூச்சு வாங்க வாங்க, தொண்டைச் சதை வீங்கி வழி இன்னும் அடைகிறது. சூடு ஏறுகிறது, அதனால் மூச்சு இரைக்கிறது, அதனால் சூடு மேலும் ஏறுகிறது.

பிரிட்டனில் 2016-ல் கால்நடை மருத்துவரிடம் வந்த ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், வெப்பத்தால் நோயுறும் அபாயத்தை லாப்ரடோருடன் ஒப்பிட்டார்கள். இங்கிலீஷ் புல்டாக்குக்கு அபாயம் சுமார் 14 மடங்கு. பிரெஞ்சு புல்டாக்குக்கு 6 மடங்குக்கு மேல். பக் நாய்க்கு 3 மடங்குக்கு மேல். அடர்ந்த ரோமமும் குட்டை முகமும் சேர்ந்த சௌ சௌ நாய்க்கு 16 மடங்குக்கும் மேல். இது பிரிட்டன் குளிரில் எடுத்த கணக்கு என்பதை மறக்க வேண்டாம்.

மூச்சு மட்டுமல்ல. புல்டாக் ரகங்களில் குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பெலும்பு குறுகல். பிரிட்டனில் பதிவான பிரசவங்களை ஆராய்ந்தபோது இங்கிலீஷ் புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பாஸ்டன் டெரியர் ஆகிய மூன்று ரகங்களிலும் 80 விழுக்காட்டுக்கு மேல் அறுவைச் சிகிச்சையால்தான் குட்டி வெளியே வந்தது. மருத்துவரின் கத்தி இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை பிறப்பதே கடினம் என்ற நிலைக்கு ஒரு விலங்கைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம்.

ராஜபாளையத்தின் வெள்ளை நிறம்

இதெல்லாம் வெள்ளைக்காரர் செய்த வேலை என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் மூதாதையர் பலர் கப்பலேறி வந்த தமிழ்நாட்டில், விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் நாயைப் பற்றிக் கேட்டால் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். உயரமான, நீண்ட கால்களுள்ள வேட்டை நாய். காவலுக்கும் பெயர் பெற்றது. 2005-ல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் முத்திரைகளில் ஒன்று ராஜபாளையத்துக்குத்தான். 2020-ல் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இந்திய அரசின் மரபு வள அமைப்பிடம் உள்நாட்டு இனங்களாகப் பதிவு பெற்றன.

ராஜபாளையம் என்றாலே நினைவுக்கு வருவது பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும். சந்தை விரும்புவதும் அதைத்தான். இந்த ரகத்தில் செவிடாகப் பிறக்கும் குட்டிகள் உண்டு என்பதும் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி. நிறத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு?

தோலுக்கு நிறம் தரும் செல்கள் கருவின் முதுகுப் பக்கத்தில் தோன்றி, அங்கிருந்து உடலெங்கும் பரவுகின்றன. அவற்றில் சில உள்காதுக்குள்ளும் போகின்றன. அங்கே அவற்றுக்கு நிறம் தருவது வேலை இல்லை. ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்களைச் சூழ்ந்த திரவத்தின் உப்புச் சமநிலையைக் காக்க உதவுகின்றன. முழு வெள்ளை நிறத்தைத் தரும் மரபணுக்கள் இந்தச் செல்களின் பயணத்தைத் தடுக்கின்றன. உள்காதுக்கு அவை போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களில் நுண்மயிர்ச் செல்கள் அழிந்துவிடும். பிறகு எந்த மருந்தாலும் காது திரும்பாது. வெள்ளைத் தோலில் கறுப்புப் புள்ளிகள் கொண்ட டால்மேஷியன் ரகத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் நடந்த சோதனைகளில் சுமார் 30 விழுக்காடு டால்மேஷியன்களுக்கு ஒரு காதோ இரு காதுகளுமோ கேட்கவில்லை.

காவல் நாய்க்குக் காது கேட்க வேண்டும். ஆனால் நாம் காதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். கண்ணுக்குப் பிடித்ததை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கூடவே கெட்டுப்போகிறது. ராஜபாளையம் ஆனாலும் இலண்டன் ஆனாலும் பாடம் ஒன்றே.

வழி இருக்கிறதா?

இருக்கிறது. அது பலன் தந்ததற்குச் சான்றும் இருக்கிறது. மீண்டும் டால்மேஷியனையே எடுத்துக்கொள்வோம். செவிட்டுத்தன்மையோடு இந்த ரகத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒரு மரபணுப் பழுதால் அதன் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுதியாகச் சேர்ந்து, கல் உண்டாகும். பழுது அந்த ரகம் முழுவதிலும் பரவிவிட்டதால், சுத்த டால்மேஷியனுக்குள்ளேயே நல்ல பிரதியைத் தேடிக் கண்டுபிடிக்க வழியில்லை.

1973-ல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரு டால்மேஷியனை ஒரே ஒரு முறை பாயின்டர் நாயோடு இணை சேர்த்தார். பிறந்த குட்டிகளில் நல்ல பிரதி உள்ளவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடு சேர்த்துக்கொண்டே வந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் தலைமுறையில் பாயின்டரின் பங்கு பாதி. அடுத்ததில் கால். பத்தாவது தலைமுறையில் 1,024-ல் ஒரு பங்கு. பார்க்க அசல் டால்மேஷியன். சிறுநீர்க் கல் தொல்லை மட்டும் இல்லை. ஆனாலும் 'இது கலப்படம்' என்று ரக சங்கத்தினர் பல்லாண்டு எதிர்த்தார்கள். பிரிட்டன் சங்கம் 2010-லும் அமெரிக்கச் சங்கம் 2011-லும்தான் இந்த வழிவந்த நாய்களை ஏற்றுக்கொண்டன. அறிவியலுக்கு ஒரு இணை சேர்க்கை போதுமாக இருந்தது. 'சுத்தம்' என்ற சொல்லைத் தாண்டி வர மனிதர்களுக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின.

சட்டத்தின் வழியும் உண்டு. நெதர்லாந்து 2019-ல் தெளிவான அளவு ஒன்றை வகுத்தது: மூக்கின் நீளம் மண்டையின் நீளத்தில் பத்தில் மூன்று பங்குக்கும் குறைவாக இருந்தால் அந்த நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. நார்வேயில் விலங்குநல அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 2023-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இப்போதுள்ள நாய்களை வைத்து கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் ரகத்தைப் பெருக்குவது விலங்குநலச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. மூளைக்குப் போதாத சின்ன மண்டையும் இதய வால்வு நோயும் அந்த ரகத்தில் அவ்வளவு பரவியிருந்தன. அதே வழக்கில் புல்டாக் ரகத்துக்குத் தடை விதிக்கப்படவில்லை. நோயற்ற நாய்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்க இன்னும் இடமுண்டு என்று நீதிமன்றம் கருதியது. இந்தியாவில் 2017-ல் வந்த விதிகள், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன.

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் 2017 முதல் நடைமுறையில் உள்ளது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நாயைப் பட்டினி போட்டவரையும் அடித்தவரையும் இந்தச் சட்டம் தண்டிக்கும். ஆனால் மூச்சுத் திணறும் நாய்கள் இரண்டைத் தெரிந்தே இணைசேர்த்து, மூச்சுத் திணறும் ஆறு குட்டிகளை உருவாக்கி, ரிப்பன் கட்டி விற்பதை நாம் எந்தக் கணக்கில் வைப்பது? அடித்த அடி ஒரு நாளில் ஆறிவிடும். பிறப்பிலேயே வந்த உடல் ஆயுள் முழுவதும் கூட வரும்.

எதிர்க்கேள்விக்கும் பதில் வேண்டும்

'அப்படியானால் சுத்த ரக நாய் எல்லாமே நோயாளியா? கலப்பு நாய்க்கு நோயே வராதா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கலிபோர்னியா பல்கலைக்கழக (டேவிஸ்) கால்நடை மருத்துவமனையின் 27,000-க்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை வைத்து, 24 மரபு நோய்களை ஒப்பிட்டு 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. 10 நோய்கள் சுத்த ரகத்தில் அதிகம். 13 நோய்களில் வேறுபாடு இல்லை. ஒரு நோய், அதாவது முழங்கால் தசைநார் அறுவது, கலப்பு நாய்களில்தான் அதிகம். ஆகவே கலப்பு என்ற சொல்லும் ஒரு உத்தரவாதச் சீட்டு அல்ல.

பொறுப்போடு நாய் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இடுப்பெலும்பு, இதயம், கண், காது எல்லாம் சோதித்து, குறையுள்ள நாயை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கி வைக்கிறார்கள். வழிகாட்டி நாய், மோப்ப நாய் போன்ற வேலைகளுக்குக் குறிப்பிட்ட ரகம் தேவைப்படுவதும் உண்மை. நம் கேள்வி ரகத்தைப் பற்றியது இல்லை. நாயால் தாங்க முடியாத உடலை நம் ஆசைக்காக அதன்மேல் சுமத்தலாமா என்பதே கேள்வி. மனிதனுக்கு ஓர் அறுவைச் சிகிச்சை செய்வதற்கு முன் கையெழுத்து வாங்குகிறோம். நாயிடம் யாரும் கேட்பதில்லை. கேட்க முடியாத இடத்தில் நம் பொறுப்புக் கூடத்தான் செய்கிறது.

இந்த மண்ணுக்கு எந்த நாய் பொருந்தும் என்பதற்கு இங்கேயே விடை உண்டு. பகாங்கில் தெலோம் ஆற்றோரம் வாழும் பூர்வகுடி மக்களிடம் இருந்த நாய்களை 1963-ல் ஓர்வில் எலியட் என்ற மானுடவியலாளர் வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். ஆற்றின் பெயரால் அவற்றுக்கு 'தெலோமியன்' என்று பெயர் வந்தது. தூண்கள்மேல் கட்டிய வீட்டுக்கு ஏணியில் ஏறிப் போகும் அளவுக்குச் சுறுசுறுப்பான, மெலிந்த, குட்டை ரோம நாய். அதன் தூரத்து உறவுபோல் நம் தெருவில் நிற்கிற கம்பத்து நாயைப் பாருங்கள். மெல்லிய ரோமம், நீண்ட மூக்கு, நடுத்தர உடல். வடிவமைத்தது நடுவரல்ல, இந்த வெயிலும் மழையும்தான்.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

பள்ளி விடுமுறைக்கோ பிறந்த நாளுக்கோ பிள்ளைகள் நாய்க்குட்டி கேட்டால், பணப்பையைத் திறப்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று, தாய் நாயைப் பார்க்க முடியுமா? முடியாது என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். தாய் எப்படி மூச்சு விடுகிறது, எத்தனை முறை குட்டி போட்டிருக்கிறது, அறுவைச் சிகிச்சை நடந்ததா என்று கேளுங்கள்.

இரண்டு, தாய்க்கும் தந்தைக்கும் செய்த உடல்நலச் சோதனைகளின் அறிக்கை உண்டா? கென்னல் சங்கத்தின் வம்சாவளிச் சான்றிதழ் முன்னோர் யார் என்பதைச் சொல்லும். அவர்கள் நலமாக இருந்தார்களா என்பதைச் சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூன்று, சான்றிதழில் ஒரே பெயர் இரண்டு பக்கமும் வருகிறதா? தாய் வழித் தாத்தாவும் தந்தை வழித் தாத்தாவும் ஒரே நாய் என்றால் அது நெருங்கிய உறவு இணைசேர்க்கை.

நான்கு, மூக்கு எவ்வளவு நீளம்? வளர்ந்த தாய் தந்தையின் முகத்தைப் பாருங்கள். கண்களுக்கு இடையிலான பள்ளத்திலிருந்து மூக்கு நுனி வரை ஓர் அளவு. அதே பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை இன்னோர் அளவு. முதல் அளவு இரண்டாவதில் பாதிக்கும் குறைந்தால் மூச்சுத்தடை அபாயம் ஏறத் தொடங்குகிறது என்பது 2015-ல் வெளிவந்த ஆய்வு முடிவு.

ஐந்து, வெள்ளை நிறக் குட்டி என்றால் காது கேட்கிறதா? அதன் பார்வையில் படாமல் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் செவிடாக இருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. அதற்கு மருத்துவரிடம் மின்பதிவுச் சோதனை உண்டு.

இதற்கெல்லாம் முன்னால் ஆறாவதாக ஒரு கேள்வி: காப்பகத்தில் வீடு தேடிக்கொண்டிருக்கும் நாய்களைப் போய்ப் பார்த்தீர்களா?

ஏற்கனவே வீட்டில் இருந்தால்

சப்பை முக நாய் ஏற்கனவே உங்கள் குடும்பத்தில் ஒன்றாகிவிட்டிருந்தால் குற்ற உணர்ச்சியால் அதற்கு எந்தப் பயனும் இல்லை. கவனிப்பால் உண்டு. எடை கூடவிடாதீர்கள், கொழுப்பு மூச்சு வழியை இன்னும் நெருக்கும். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்புப் பட்டை போடுங்கள். நடைப்பயிற்சி விடியற்காலையிலோ இருட்டிய பிறகோ மட்டும். வெப்ப நோய் என்றாலே மூடிய காரில் விட்டுப்போன நாய்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் பிரிட்டன் பதிவுகளில் சுமார் நான்கில் மூன்று பங்கு, நடையாலும் ஓட்டத்தாலும் வந்தவை.

நாய் தடுமாறினால், விடாமல் மூச்சிரைத்தால், நாக்கு நீலம் பாய்ந்தால் நேரத்தைக் கடத்தாதீர்கள். முதலில் குளிர்வியுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை உடலெங்கும் ஊற்றி மின்விசிறியைப் போடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடாதீர்கள். அது சூட்டை உள்ளேயே நிறுத்திவிடும். குறட்டை அதிகமாக இருந்தால் மருத்துவரிடம் மூச்சு வழியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அடைத்திருக்கும் சதையை அறுவைச் சிகிச்சையால் ஓரளவு குறைக்க முடியும். முக்கியமாக, அந்த நாயைக் குட்டி போட விடாமல் கருத்தடை செய்துவிடுங்கள்.

கண்காட்சி நடுவரையும் கடைக்காரரையும் குறை சொல்வது எளிது. அவர்கள் இருவரும் நம் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் எந்தக் குட்டிக்குப் பணம் கொடுக்கிறோமோ, அதே மாதிரி இன்னொரு ஈற்றுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வருகிறோம். நீண்ட மூக்குள்ள குட்டியைத் தேடி நாலு பேர் வந்தால், நீண்ட மூக்குள்ள நாய் மேடையேறும். குணத்துக்கும் நலத்துக்கும் விலை கிடைக்கும் என்று தெரிந்தால், அதற்காகவே நாய் வளர்ப்பார்கள்.

அதுவரை, அந்தக் 'கர்... கர்...' சத்தத்தைப் படம் பிடித்து அனுப்பும் நண்பருக்குச் சிரிக்கும் முகத்தைப் பதிலாக அனுப்பாதீர்கள். 'ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்க' என்று எழுதுங்கள்.